'வெங்கர் புதுக் கத்தி' என்று யாராவது நீட்டினால் பணப்பையைத் திறக்காதீர்கள்

சுவிட்சர்லாந்தின் சுற்றுலா ஊர் ஒன்றில் சுவிஸ் ராணுவக் கத்திக்குப் பெயர்போன 'வெங்கர்' நிறுவனத்தின் பெயரோடு புத்தம்புதிய பேனாக்கத்தி உங்கள் கண்ணில் பட்டால், அது எங்கோ தேங்கிக் கிடந்த பழைய சரக்காக இருக்க வேண்டும், இல்லையென்றால் போலி. அந்தப் பெயரில் பேனாக்கத்தி செய்வது 2013-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பெர்ன் மலைப்பகுதியில் ஒரு நினைவுப்பொருள் கடைக்காரர் எங்களிடம் 95 பிராங்க் வாங்கிக்கொண்டு கொடுத்தது இரண்டாவது வகை. கடையின் பெயரை எழுதவில்லை. இதே வித்தையை வேறு கடைகளிலும் செய்ய முடியும் என்பதால் பெயரைவிடச் செய்த விதம்தான் உங்களுக்குப் பயன்படும்.

கத்தி வாங்க விரும்பியவர் டொராண்டோவிலிருந்து வந்திருந்த என் அத்தான். தொண்ணூறுகளில் அவர் இங்கேதான் இருந்தார். அந்தக் காலத்தில் இங்கு வந்த நம்மவர்கள் பலரையும் போல உணவகச் சமையலறையில் வேலை. அப்போது வாங்கிய வெங்கர் ஒன்றைப் பல வருடங்கள் சட்டைப்பையில் வைத்திருந்து, கடைசியில் ஒரு விமான நிலையச் சோதனையில் பறிகொடுத்தார். இன்றுவரை போட்டி நிறுவனமான விக்டோரினாக்ஸை அவர் கத்தியாகவே மதிப்பதில்லை. நான் விக்டோரினாக்ஸ் கட்சி. எங்கள் வீட்டில் சாப்பாட்டு மேசையில் அரசியலுக்கு அடுத்தபடியாகச் சூடு பிடிக்கும் விவாதம் இதுதான்.

இந்தப் போட்டியின் கதை சுவாரசியமானது. கார்ல் எல்செனர் என்பவர் ஷ்வீஸ் (Schwyz) மாநிலத்தின் இபாக் ஊரில் 1884-இல் பட்டறை திறந்தார். சுவிஸ் ராணுவத்தின் முதல் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரத்தில்தான் செய்யப்பட்டன. 1891-இல் எல்செனர் அந்த வேலையைத் தன் நாட்டுக்குக் கொண்டுவந்தார். அவருடைய பட்டறைதான் பின்னாளில் விக்டோரினாக்ஸ் ஆனது. பிரெஞ்சு பேசும் ஜூரா பகுதியில், டெலேமோன் பக்கத்தில் வெங்கர் எழுந்தது. 1908-இல் ராணுவம் தன் தேவையை இரண்டு பேருக்கும் பாதி பாதியாகப் பிரித்துக் கொடுத்தது. ஜெர்மன் பேசும் பகுதிக்கு ஒன்று, பிரெஞ்சு பேசும் பகுதிக்கு ஒன்று என்று யாருக்கும் மனக்குறை இல்லாத ஏற்பாடு. அப்படியே ஏறக்குறைய நூறு வருடம் ஓடியது. 2005-இல் விக்டோரினாக்ஸ் வெங்கரை வாங்கியது. 2013-இல் வெங்கர் கத்திகள் விக்டோரினாக்ஸ் பெயருக்குள் கொண்டுவரப்படும் என்று அறிவித்தார்கள். அதன்பின் டெலேமோன் வரிசை என்று வந்தவற்றில் வெங்கரின் வளைந்த பிடி இருந்தது, அலகில் விக்டோரினாக்ஸ் பெயர் இருந்தது.

இதெல்லாம் எங்கள் இருவருக்கும் தெரியும். கடைக்காரரிடம் நேராகவே கேட்டேன். "உற்பத்தியை நிறுத்திவிட்டார்களே, இது எப்படி?" அவர் கொஞ்சமும் அசரவில்லை. சுவரில் தொங்கிய முதுகுப்பையைக் காட்டினார். அதில் வெங்கர் என்று எழுதியிருந்தது. கண்ணாடிக்குள் இருந்த கைக்கடிகாரத்தைக் காட்டினார். அதிலும் வெங்கர். "நிறுவனம் இருக்கிறதே ஐயா! இவை டெலேமோன் தொழிற்சாலையின் கடைசிப் பெட்டிகள். எங்கள் குடும்பம் மொத்தமாக எடுத்து வைத்தது. சான்றிதழும் தருகிறேன்." இங்கேதான் சூட்சுமம். வெங்கர் பெயரில் பைகளும் கடிகாரங்களும் இன்றும் வருவது உண்மை. அந்த உண்மையை முன்னால் நிறுத்தி, அதன் முதுகுக்குப் பின்னால் பொய்யை உள்ளே அழைத்துவந்தார்.

அடுத்த வித்தை அதைவிடக் கெட்டிக்காரத்தனமானது. பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொன்னோம். "பெயர் பொறிப்பது இலவசம், பொறித்தே தந்துவிடுகிறேன்" என்று பெட்டியோடு உள்ளறைக்குப் போனார். திரும்பி வந்தபோது அலகில் அத்தானின் பெயர் அழகாக இருந்தது. கத்தி மறுபடியும் பெட்டிக்குள், பெட்டியின் மேல் பரிசுத் தாள், தாளின் மேல் ரிப்பன். ரசீதின் பின்பக்கத்தில் எறும்பெழுத்தில் ஒரு வரி: பெயர் பொறித்த பொருள்கள் திரும்பப் பெறப்பட மாட்டாது.

வீட்டுக்கு வந்து ரிப்பனை அவிழ்த்ததும் அத்தான் கத்தரிக்கோலைத்தான் முதலில் விரித்தார். விரித்தவர் அப்படியே என்னிடம் நீட்டினார். "தம்பி, பல் எங்கே?" பிற்கால வெங்கர் கத்தரிக்கோலின் வெட்டுவாயில் மிக நுண்ணிய பற்கள் உண்டு. நூலோ நகமோ வழுக்கிப் போகாமல் அவை பிடித்துக்கொள்ளும். அவர் வெங்கர் பக்தராக இருப்பதற்கே அந்தப் பற்கள்தான் காரணம். விக்டோரினாக்ஸ் கத்தரிக்கோலின் வாய் வழவழப்பாக இருக்கும். இரண்டு கைகளுக்கும் நடுவே சின்னஞ்சிறு ஸ்பிரிங் ஒன்று இருக்கும். அது ஒடிந்தால் சில்லறைக் காசுக்கு வேறு வாங்கி மாட்டிக்கொள்ளலாம். எங்கள் கையில் இருந்த கத்தியில் வாய் வழவழப்பு, நடுவில் ஸ்பிரிங். பெயர் வெங்கர், உடம்பு இன்னொருவர் வடிவம். காகிதம் ஒன்றை வெட்டிப் பார்த்தோம். வெட்டவில்லை, மடித்தது.

அளவுகோலை வைத்தேன். மடித்த நிலையில் 91 மில்லிமீட்டர். அது விக்டோரினாக்ஸின் பெயர்பெற்ற அளவு. வெங்கரின் வழக்கமான சிவப்புக் கத்தி 85 மில்லிமீட்டர். பிறகு சின்னம். விக்டோரினாக்ஸில் சிலுவை ஒரு கேடயத்துக்குள் இருக்கும். வெங்கரில் முனை மழுங்கிய சதுரத்துக்குள் இருக்கும். இதில் சதுரம் சரியாகத்தான் இருந்தது, ஆனால் வெறும் வண்ணப்பூச்சு. நகத்தால் சுரண்டியதும் சிலுவையின் ஒரு கை உதிர்ந்து என் நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டது. அலகின் அடிப்பகுதியில் உற்பத்தியாளர் பெயரும் ஊரும் அழுத்தமாகக் குத்தப்பட்டிருக்க வேண்டிய இடத்தில் மேலோட்டமாக 'வெங்கர்' மட்டும். டெலேமோன் இல்லை. பெரிய அலகை விரித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆடும் பல் மாதிரி ஆடியது. எந்த உண்மையான கத்தியும், அது எங்கள் விவாதத்தின் எந்தக் கட்சியாக இருந்தாலும், விரிக்கும்போதும் மடிக்கும்போதும் 'டக்' என்று தன் இடத்தில் போய் உட்காரும். இது உட்காரவே இல்லை.

கத்தி தீட்டிக் கொடுக்கும் முதியவர் ஒருவரிடம் காட்டினோம். விரித்துக்கூடப் பார்க்கவில்லை. பிடியைத் தடவிவிட்டு மேசைமேல் வைத்தார்.

மறுநாள் கடைக்குப் போனோம். கடைக்காரர் ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் இணையத்தில் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கச் சட்டம் வழி வைத்திருக்கிறது. சுவிட்சர்லாந்தில் அப்படிப் பொதுவான உரிமை இல்லை. கடையில் வாங்கியதற்கு அறவே இல்லை. இதை அவர் எங்களுக்குப் பாடமாகவே நடத்தினார். கடைசியில் பாதித் தொகைக்கு ஒரு கூப்பன் தருவதாகச் சொன்னார். அந்தக் கடையில் இன்னொரு பொருள் வாங்க! அத்தானுக்கு வந்த சிரிப்பை அங்கிருந்த சீனப் பயணிகள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் நடத்தாமல் விட்ட பாடம் ஒன்று உண்டு. சுவிஸ் கடப்பாட்டுச் சட்டத்தின் 28-ஆம் பிரிவின்படி, வேண்டுமென்றே ஏமாற்றிச் செய்யவைத்த ஒப்பந்தம் ஏமாந்தவரைக் கட்டுப்படுத்தாது. ஏமாற்றைக் கண்டுபிடித்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும். ரசீதின் பின்னால் எறும்பெழுத்தில் எதை எழுதியிருந்தாலும் இதற்கு முன் நிற்காது. பொருளில் குறை இருந்தால் தாமதிக்காமல் விற்றவருக்குச் சொல்லிவிட வேண்டும் என்று 201-ஆம் பிரிவு கேட்கிறது. அதனால் பிறகு பார்க்கலாம் என்று யாரும் இருந்துவிட வேண்டாம். அன்று மாலையே படங்களோடு, இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டு, அவர் வாயால் சொன்ன 'டெலேமோன் கடைசிப் பெட்டிகள்' என்ற வாசகத்தையும் சேர்த்து, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். 'சான்றிதழின்' நகலையும் வைத்தேன். உண்மையில் அவர் கையால் எழுதிக் கொடுத்த அந்த அட்டைதான் அவருக்கு எதிரான சாட்சி. பதில் கடிதம் வரவில்லை. பணம் முழுவதும் வங்கிக் கணக்குக்கு வந்தது.

உங்களில் யாருக்காவது வெங்கர்தான் வேண்டுமென்றால், கைமாறிய பழைய கத்தியைத் தேடுங்கள். அதில் வெட்கமில்லை, இந்தக் கத்திகள் தலைமுறை தாண்டுபவை. கத்தரிக்கோலின் வாயையும் அலகின் அடியையும் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். நேரில் என்றால் உங்கள் கையால் எல்லாக் கருவிகளையும் விரித்து மடித்துப் பார்த்த பிறகே பெயர் பொறிக்க விடுங்கள். புதிதாகவே வேண்டுமென்றால் விக்டோரினாக்ஸ் இருக்கிறது, மூலப்பொருளிலோ வேலைப்பாட்டிலோ குறையிருந்தால் ஆயுள் முழுவதற்கும் உத்தரவாதம் தருகிறார்கள். அதே டெலேமோனிலிருந்து சுவிட்சா என்ற பெயரில் வரும் கத்தியும் இருக்கிறது. ரப்பர் போல வழுக்காத பிடி. அத்தான் கடைசியில் எதை வாங்கினார் என்று கேட்காதீர்கள், கட்சி மாறியதை ஊருக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

பெயர் பொறித்த போலியைக் கடைக்கே திருப்பி அனுப்பிவிட்டோம். அதை இன்னொருவர் தலையில் கட்ட முடியாது. மற்ற பெட்டிகளைக் கட்ட முடியும். போன வாரம் அந்தப் பக்கம் போன நண்பர் ஒருவர் கண்ணாடி அலமாரியைப் படமெடுத்து அனுப்பினார். 'கடைசிப் பெட்டிகள்' முன்பைவிட அதிகமாகத் தெரிகின்றன, விலைச்சீட்டில் 110 பிராங்க்.