ஷார்ட் அடிக்க எது உதவும்: சார்ட்இங்கா, டிரேடிங்வியூவா, அமிபுரோக்கரா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். 61 நாளும் விசைப்படகுகள் கரையில் கிடக்க, மண்டபத்தில் எங்கள் தெருப் பையன்கள் சிலர் போனில் டிரேடிங் பழகுகிறார்கள். "அண்ணே, ஷார்ட் அடிக்க எந்த சாப்ட்வேர் நல்லது?" என்று கேட்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஷார்ட் என்றால், விலை இறங்கும் என்று நம்பிக் கையில் இல்லாத பங்கை முதலில் விற்றுவிட்டு, பிறகு திருப்பி வாங்குவது.

முதலில் நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சின்னக் கம்பெனிப் பங்கு, விலை வரைபடம் காட்டும் டிரேடிங்வியூவின் சார்ட்டில் ஆர்எஸ்ஐ 82. ஆர்எஸ்ஐ என்பது விலை ஏற்ற இறக்கத்தின் வேகத்தை 0 முதல் 100-க்குள் காட்டும் எண், 70-ஐத் தாண்டினால் அளவுக்கு மீறி ஏறிவிட்டது என்பார்கள். இதற்குமேல் எங்கே ஏறப்போகிறது என்று காலையிலேயே 200 பங்கு விற்றேன். மதியத்துக்குள் அப்பர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் ஏற அனுமதித்த உச்ச விலையைத் தொட்டுவிட்டது. வாங்க வரிசை நிற்கிறது, விற்க ஒரு ஆள் இல்லை. கேஷில், அதாவது பங்கையே நேரடியாக விற்று ஷார்ட் அடித்தால் அன்றைக்கே திருப்பி வாங்கியாக வேண்டும், முடியாவிட்டால் நாம் கொடுக்க வேண்டிய பங்கை எக்ஸ்சேஞ்ச் ஏலத்தில் வாங்கி, விலை வித்தியாசமும் அபராதமும் நம் தலையில் விழும். விழுந்தது. சார்ட் தப்பு சொல்லவில்லை, நான் கேட்க வேண்டியதை அதனிடம் கேட்கவில்லை.

அதனால்தான் ஷார்ட்டுக்கு, நாம் போடும் நிபந்தனைக்குப் பொருந்தும் பங்குகளைத் தேடித்தரும் (ஸ்கேன்) தளமான சார்ட்இங்கை முதலில் வைக்கிறேன். ஸ்கேனில் பியூச்சர்ஸ் (எதிர்காலத் தேதிக்கான ஒப்பந்தம்) வணிகம் உள்ள பங்குகளை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அவற்றுக்கு நிலையான சர்க்யூட் கிடையாது, எல்லையைத் தொட்டாலும் தளர்த்திக்கொண்டே போவார்கள், நஷ்டத்திலாவது வெளியே வந்துவிடலாம். அதோடு 50 நாள் சராசரிக்குக் கீழே விலை, வழக்கத்தைவிடக் கூடுதல் வால்யூம் (கைமாறும் பங்குகளின் எண்ணிக்கை) என்று இரண்டு நிபந்தனை போட்டால் பட்டியல் பத்துப் பதினைந்தாகச் சுருங்கிவிடும். இலவசக் கணக்கில் தகவல் தாமதமாக வரும், ஆகவே முதல்நாள் ராத்திரியே பார்த்து வைப்பதுதான் சரி.

நுழையும் நேரத்துக்கு டிரேடிங்வியூ. நாம் குறித்த விலை வந்ததும் சொல்லும் அலர்ட் அவர்களுடைய சர்வரில் ஓடுவதால், இங்கே கரண்ட் போய் லேப்டாப் அணைந்தாலும் போனுக்கு வந்துவிடும். ஆனால் ஸ்டாப்லாஸை (நஷ்டம் இதற்குமேல் போகாமல் வெளியேறும் விலை) அலர்ட்டாக வைத்து நம்பாதீர்கள், புரோக்கரிடம் ஆர்டராகவே போட்டுவிடுங்கள்.

அமிபுரோக்கர் வேறு ரகம், நம் விதிகளைப் பழைய விலைகளில் ஓட்டிச் சோதிக்கும் சாப்ட்வேர். விண்டோஸ் கம்ப்யூட்டர் வேண்டும், டேட்டாவுக்குத் தனியாகச் செலவு, ஏஎப்எல் என்ற அதன் மொழியையும் படிக்க வேண்டும். இருந்தாலும் அதில் ஷார்ட் (விற்பது), கவர் (திருப்பி வாங்குவது) என்று தனித்தனியாக விதி எழுதிப் பழைய ஆண்டுகளில் ஓட்டிப் பார்த்தபோதுதான் எனக்குக் கண் திறந்தது: வெல்ஸ் வைல்டர் 1978-ல் கொடுத்த ஆர்எஸ்ஐ 70-ஐத் தாண்டிவிட்டது என்பதற்காக மட்டும் விற்றால், நல்ல ஏற்றத்தில் அது வாரக்கணக்கில் மேலேயே நின்று நம்மைத் தேய்த்துவிடுகிறது. ஒன்று கவனியுங்கள், டேட்டா போனஸ் போன்றவற்றுக்குச் சரிசெய்யப்பட்டதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 1:1 போனஸ் (ஒரு பங்குக்கு இன்னொன்று இலவசம்) வந்து 1,000 ரூபாய் பங்கு 500 ஆனதை அது வீழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு, இல்லாத லாபத்தைக் காட்டும்.

இப்போதைக்கு முதல் இரண்டும் போதும், தம்பி. அமிபுரோக்கரைப் படிக்க உட்கார்ந்தால் இந்த 61 நாளும் அதற்கே சரியாகப் போகும், அப்படி உட்கார்ந்தால் படித்து முடிக்கும்வரை ஒரு பங்குகூட விற்க வேண்டாம்.