லேசிக் செய்து வருடங்கள் போன பிறகு கண் எப்படி இருக்கும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போய் லேசிக் (கண்ணாடிப் பவரைப் போக்கக் கருவிழியை லேசரால் சீவும் சிகிச்சை) செய்துகொள்கிறவர்கள் முதலில் கேட்பது "வலிக்குமா?" என்றுதான். அந்தப் பயம் வேண்டாம். மரத்துப்போகச் சொட்டு மருந்து விடுவார்கள். லேசர் விழுவது பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

பிறகு வருவது கண் உலர்ச்சி. கருவிழியில் சுமார் 110 மைக்ரான் தடிமனில் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மெல்லிய மூடிபோல மடல் எடுக்கும்போது உணர்வு நரம்புகளும் அறுபடும். கண் காய்வது உறைக்காததால் கண்ணீரும் குறையும், இமைப்பதும் குறையும். பலருக்கு 6 மாதம் முதல் ஒரு வருடத்தில் தேறிவிடும், சிலருக்கு நீடிக்கும். சித்திரை வெயிலில் செம்மண் புழுதியோடு பைக் ஓட்டுபவருக்கும், ஆத்தங்குடிக் கல் பட்டறையில் சிமெண்டுத் தூசிக்கு நடுவில் நிற்பவருக்கும் இது கூடுதலாகவே படுத்தும். பக்கமும் மூடிய கண்ணாடி போடுங்கள். பிரிசர்வேட்டிவ் கலக்காத செயற்கைக் கண்ணீர் வாங்குங்கள். கீழ் இமையை இழுத்து ஒரே சொட்டு. இரண்டாவது சொட்டு கன்னத்தில்தான் வழியும். வேறு மருந்து விட 5 நிமிடம் பொறுக்க வேண்டும்.

யாருக்குச் செய்யலாம் என்பது கணக்கு. கருவிழித் தடிமன் 540 மைக்ரான், பவர் மைனஸ் 6 என்றால் ஒரு பவருக்கு ஏறக்குறைய 14 வீதம் 84 சீவ வேண்டும். மடலையும் கழித்தால் 346 மிஞ்சும், நல்லது. அதே கருவிழி 480, பவர் மைனஸ் 8 என்றால் மிஞ்சுவது 258தான், மெலிவு. பின்னாளில் கருவிழி பிதுங்கிப் பார்வை கோணலாகலாம். அப்படிப்பட்டவருக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் மருத்துவரை நம்புங்கள்.

மடல் விளிம்பு ஒட்டினாலும் பழைய பலம் முழுதாகத் திரும்பாது. கண்ணைக் கசக்கவே கூடாது. ஊருணிக் குளியல் ஒரு மாதத்துக்கு வேண்டாம். எண்ணெய்க் குளியலையும் தள்ளிப்போடுங்கள், சீயக்காய் கண்ணில் இறங்கும்.

இரவில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் தெரிவது சில மாதங்களில் மங்கும். நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்தே தீரும். லேசர் அதைத் தடுக்காது.

லேசிக் செய்த ஃபைலைப் பத்திரமாக வையுங்கள். பிற்காலத்தில் கண்புரைக்கு லென்ஸ் பவர் கணக்கிட, லேசருக்கு முந்தைய கருவிழி வளைவும் பவரும் பெரிதும் உதவும். கருவிழி மெலிந்திருப்பதால் கண் அழுத்தமும் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். எந்தக் கண் மருத்துவரிடம் போனாலும், அழுத்தம் பார்க்கும் முன்பே "லேசர் செய்த கண்" என்று சொல்லிவிடுங்கள்.