மூன்று ரவுட்டரில் ஓஎஸ்பிஎஃப்: இரண்டு ஆண்டு ஓட்டமும் அந்த 40 விநாடியும்

"மூணே ரவுட்டர்தானேண்ணே, ஓஎஸ்பிஎஃப் எதுக்கு? ஸ்டாட்டிக் ரூட் போதாதா?" என்று நண்பர் கேட்டார். அவருக்கான பதில்தான் இது. ஸ்டாட்டிக் ரூட் என்றால் வழியை நாமே கையால் எழுதுவது; ஓஎஸ்பிஎஃப் என்றால் ரவுட்டர்கள் ஒன்றோடொன்று பேசி வழியைத் தாமே கற்றுக்கொள்வது.

சிங்கப்பூரில், சிராங்கூன் சாலையில் கடை, ஊபியில் கிடங்கு, உட்லண்ட்ஸில் கிளை. மூன்றிலும் லினக்ஸ் ரவுட்டர், அதில் ஓஎஸ்பிஎஃப் ஓட்டும் எஃப்ஆர்ஆர் மென்பொருள், இடையில் வயர்கார்டு டனல் (இணையத்தின் மேல் ஓடும் மறைகுறியாக்கிய இணைப்பு). கடைக்கும் கிடங்குக்கும் மட்டும் ஃபைபர் வழியாக ஒன்று, சிம் வழியாக ஒன்று என இரண்டு டனல். பில்லிங் சர்வர் கிடங்கில் இருக்கிறது.

வழி கற்றுக்கொள்வதில் ஓஎஸ்பிஎஃப் மீது ஒரு குறையும் சொல்ல முடியாது. கிடங்கில் கேமராவுக்கென்று புது விலான் (தனி உள்பிணையம்) போட்டால், அந்த ரவுட்டரில் ஒரே வரி. மற்ற இரண்டும் மறுநொடியே தெரிந்துகொள்கின்றன.

எரிச்சல் வேறிடத்தில். வயர்கார்டு இடைமுகம் தானாக டவுன் ஆகாது. எதிர்முனை செத்தாலும் அது அப் என்றே காட்டும். ஆகவே 'உயிரோடு இருக்கிறேன்' என்று ரவுட்டர்கள் அனுப்பிக்கொள்ளும் ஹலோ வராமல் நின்று, அதற்காகக் காத்திருக்கும் டெட் டைமர் தீரும்வரை பழைய வழியிலேயே பாக்கெட் போய் மடிகிறது. ஹலோ 10 விநாடிக்கு ஒருமுறை, டெட் 40 விநாடி. 1998இல் வந்த, ஓஎஸ்பிஎஃபின் தர ஆவணமான ஆர்எஃப்சி 2328இல் எடுத்துக்காட்டாகச் சொன்ன எண்கள் இன்றும் டிஃபால்ட்!

சோதிக்கும்போது ரவுட்டரின் வான் கேபிளை (இணையம் வரும் கேபிள்) பிடுங்காதீர்கள். அங்கே லிங்க் விழுவது ரவுட்டருக்கே தெரிந்துவிடும்; உண்மையில் லைன் தூரத்தில் செத்தால் அப்படித் தெரியாது. ஓஎன்டிக்கும் (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) ரவுட்டருக்கும் நடுவே ஒரு சின்ன சுவிட்ச் வைத்து, ஓஎன்டி பக்கக் கேபிளைக் கழற்றுங்கள். கடையிலிருந்து கிடங்கு சர்வருக்கு 0.2 விநாடிக்கு ஒரு பிங். வரிசை எண் 212இல் நின்றது, 404இல்தான் மீண்டது. ஏறக்குறைய 38 விநாடி.

ஹலோ 1, டெட் 4 என்று குறைக்கலாம். இரு முனையிலும் ஒரே எண் இல்லாவிட்டால் நெய்பர் உறவே (இரு ரவுட்டருக்கிடையே ஓஎஸ்பிஎஃப் பேச்சு) உருவாகாது. இதைவிட, எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று விநாடிக்குப் பல முறை பார்க்கும் பிஎஃப்டி மேல். எஃப்ஆர்ஆரின் டீமன்ஸ் கோப்பில், அதை ஓட்டும் பிஎஃப்டிடி 'நோ' என்றிருக்கும். 'யெஸ்' ஆக்கி சேவையை ரீஸ்டார்ட் செய்த பிறகு, ஒவ்வொரு டனலிலும் 'ஐபி ஓஎஸ்பிஎஃப் பிஎஃப்டி'. டிஃபால்ட் 300 மில்லிவிநாடி, மூன்று முறை தவறினால் செத்ததாகக் கணக்கு. அதே சோதனையில் ஐந்தாறு பிங்தான் தொலைந்தது.

ஆனால் இரவில் கேமரா பேக்கப் ஓடி அப்லோட் நிரம்பும்போது பிஎஃப்டி பாக்கெட்டும் தொலைகிறது. வழி சிம்முக்குத் தாவும், நெரிசல் குறைந்ததும் திரும்பும், மறுபடி தாவும். 500 மில்லிவிநாடி, நான்கு முறை என்று தளர்த்தி, பேக்கப் வேகத்துக்கு உச்சவரம்பும் வைத்த பிறகே அடங்கியது.

மற்றவை சுருக்கமாக. ஒரு பியருக்கு ஒரு வயர்கார்டு இடைமுகம். அலவ்டு ஐபி (டனலில் அனுமதிக்கும் முகவரிகள்) 0.0.0.0/0, டேபிள் ஆஃப் (வயர்கார்டு தானாக வழி எழுதாமல் இருக்க). லான் முகவரிகளை மட்டும் போட்டால் 224.0.0.5க்குப் போகும் ஹலோ வெளியேறாது. ஃபயர்வாலில் ஓஎஸ்பிஎஃபின் புரோட்டோகால் 89ஐத் திறக்க வேண்டும். நெட்வொர்க் வகை பாயின்ட் டு பாயின்ட். ஒரு முனையில் எம்டியு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 1420, மறுமுனையில் 1380 என்றிருந்தால் நெய்பர் எக்ஸ்டார்ட் என்ற தொடக்க நிலையிலேயே தொங்கும். காஸ்ட்டைக் (குறைந்த எண்ணுள்ள வழிக்கே முன்னுரிமை) கையால் எழுதுங்கள்: ஃபைபர் 10, சிம் 100. இரண்டும் சமமாக இருந்தால் டிராஃபிக்கைப் பங்கிட்டு அனுப்பி சிம் டேட்டாவைக் காலி செய்துவிடும்.

பழுதான ரவுட்டருக்குப் பதில் வேறொன்றை வைத்து, இன்னொரு கிளையின் கான்ஃபிக்கை நகலெடுப்பவர்கள் முதலில் ரவுட்டர் ஐடியை (ஓஎஸ்பிஎஃபில் ஒவ்வொரு ரவுட்டருக்குமான அடையாள எண்) மாற்றுங்கள். இரண்டுக்கும் ஒரே ஐடி என்றால், பக்கத்து ரவுட்டரின் ஹலோ வந்தும் நெய்பர் பட்டியல் காலியாகவே கிடக்கும். 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப்' போட்டால் முதல் வரியிலேயே ஐடி தெரியும்.

நண்பருக்கு: இரண்டே இடம், ஒரே லைன் என்றால் ஸ்டாட்டிக் போதும். மாற்று வழி ஒன்று இருந்தால் ஓஎஸ்பிஎஃப் போடுங்கள், முதல் நாளே பிஎஃப்டியோடு. குறை ஓஎஸ்பிஎஃபின் மீது இல்லை, டிஃபால்ட் எண்ணின் மீதுதான் என்பது தெரிந்தும் 5க்கு 3தான் தருகிறேன். ஞாயிறு மாலை, கவுன்டரில் பத்துப் பேர் நிற்க, பில்லிங் திரை 40 விநாடி உறைந்து கிடந்ததை இன்னும் மன்னிக்க முடியவில்லை.