திருப்பச் சொல்லும் வார்த்தை: ஜட்கா குதிரையும் ஏர்மாடும்

பெங்களூர் சிவாஜிநகரில் ஜட்கா ஓடிய காலத்தை நினைவில் வைத்திருக்கும் தமிழர்களுக்கு, குதிரை ஓட்டுவதும் மாடு ஓட்டுவதும் ஒரே வித்தை என்று தோன்றலாம். ஆனால் இரண்டிலும் குரல் செய்யும் வேலை வேறு.

ஜட்கா குதிரையைத் திருப்புவது கடிவாளம்தான். வாயிலுள்ள இரும்பை எந்தப் பக்கம் இழுத்தாலும் அது உடனே உணர்ந்துகொள்ளும் என்பதால், நாக்கைச் சொடுக்குவதும் 'சல்' என்பதும் கிளப்பவும் வேகம் கூட்டவுமே பயன்பட்டன. கண்ணுக்குப் பட்டை கட்டிய குதிரை பின்னால் இருக்கும் வண்டிக்காரனைப் பார்க்க முடியாது. அந்தக் குரல்தான் அவன் அங்கே இருப்பதற்கு அடையாளம்.

மாட்டுக்குக் குரலின் பங்கு இன்னும் பெரிது. ஆங்கிலம் பேசும் நாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், மாட்டுச் சோடியின் இடப்பக்கமாகக் கயிறு பிடிக்காமலே நடப்பவர் 'ஜீ' என்றால் வலப்பக்கம், 'ஹா' என்றால் இடப்பக்கம், அதாவது தம்மை நோக்கி. ஈகாரமும் ஆகாரமும் காதில் ஒருபோதும் கலக்காது. தெளிவில் இந்த முறையை மிஞ்ச எதுவும் இல்லை என்பதே என் எண்ணம்.

நம் உழவர்கள் திசையைவிட மாட்டையே கூப்பிடுவார்கள். நுகத்தடியில் இடத்து மாடு, வலத்து மாடு என்று இடம் நிலைத்துவிடுவதால், இடப்பக்கம் திரும்ப இடத்து மாட்டை அடக்கி வலத்து மாட்டை விரட்டினால் போதும். வெளிப்பக்க மாடு எட்டி நடக்க, உட்பக்க மாடு காலைச் சுருக்கிக்கொள்ளும். எந்த மாடு என்ன செய்ய வேண்டும் என்பதை இது நேரடியாகச் சொல்கிறது, ஆனால் மூக்கணாங்கயிறும் தார்க்குச்சியும் துணைக்கு வேண்டும். மாடுகளை இடம் மாற்றிப் பூட்டிவிட்டால் பழகிய அதட்டல் எடுபடாது என்பது இதன் பெரிய பலவீனம்.

நிறுத்துவதில் மட்டும் இந்த வேறுபாடுகள் மறைந்துவிடுகின்றன. ஆங்கிலேயரின் 'வோ'வும் நம் 'ஹோ'வும் நீண்ட ஒற்றை ஒலிகள். விரட்டும் 'ஹை ஹை'யோ குறுகியது, திரும்பத் திரும்ப வருவது. குறுகிய அடுக்கொலி விலங்கை ஓடத் தூண்டும், நீண்ட ஒலி அடக்கும் என்று பல மொழிக்காரர்கள் தம் விலங்குகளை அழைக்கும் ஒலிகளை ஆராய்ந்த விலங்கு நடத்தை ஆய்வாளர் பட்ரீசியா மெக்கானல் கண்டறிந்தார். ஆகவே ஒசூர்ப் பக்கத்து உழவரின் 'ஹோ'வை அயல்நாட்டு மாடும் புரிந்துகொள்ளக்கூடும். அவர் சொல்லும் 'இடத்து மாடு' அதற்கு வெறும் சத்தமே.