பிளேஃபெயார் டிஸ்பிளே: பெயருக்கு அழகு, விலாசத்துக்கு ஆகாது

மட்டக்களப்பில் கலியாணக் கார்ட் டிசைன் செய்கிறேன். ஆங்கிலப் பெயர் வருகிற இடத்தில் சில வருடமாக நான் பாவிப்பது பிளேஃபெயார் டிஸ்பிளேதான். டென்மார்க்காரரான க்ளாஸ் எகர்ஸ் சோரன்சன் வடிவமைத்து 2011இல் வந்த ஃபொண்ட். இலவசம், காசு வாங்கிச் செய்கிற வேலைக்கும் தாராளமாகப் போடலாம்.

இறகுப் பேனை போய்க் கூர்முனை உருக்குப் பேனை வந்த 18ஆம் நூற்றாண்டுக் கடைசியின் சாயல் இதில் இருக்கிறது. நிமிர்ந்த கோடு தடிப்பு, குறுக்குக் கோடு மயிரிழை. சின்ன எழுத்துகள் நல்ல உயரம், கீழிறங்கும் வால்கள் குட்டை. அதனால் மணமக்கள் பெயரை மேலும் கீழுமாக நெருக்கி அடுக்கினாலும் முட்டாது. நடுவில் வருகிற ‘அன்ட்’ குறியை மட்டும் சாய்வெழுத்தில் போட்டுப் பாருங்கள், வேறு பூ வேலையே தேவையில்லை. பாசிக்குடா ஹோட்டல் மெனுவுக்கும் தலைப்பளவில் அருமை.

தொல்லை அந்த மயிரிழையில்தான். ஸ்க்ரீன் பிரின்டில் சின்னதாகப் போட்டால் பெரிய ‘எச்’ எழுத்தின் குறுக்குக் கோடு காணாமல் போய் இரண்டு தூண் மட்டும் நிற்கும். சின்ன ‘ஈ’ (e) எழுத்து ‘சீ’ (c) ஆகிவிடும். சொரசொரப்பான அட்டையில் கோல்ட் ஃபொயில் என்றால் இன்னும் மோசம். மெரூன் நிறத்தில் வெள்ளை எழுத்து கேட்டால் நான் நேரே போல்டுக்குப் போய்விடுவேன்.

அடுத்தது இலக்கங்கள். பழைய பாணி இலக்கம்தான் இதில் முதலில் வரும்: 3, 4, 5, 7, 9 கீழே இறங்கும், 6, 8 மேலே ஏறும், பூச்சியம் சின்ன ‘ஓ’ மாதிரி இருக்கும். வருடத்துக்கு அது வடிவு. போன் நம்பருக்குப் போட்டதும் ஆரையம்பதியிலிருந்து வந்த ஒரு மாமா, “மனே, நம்பர் எல்லாம் துள்ளுது, நேராக்கித் தாங்க” என்றார். டிசைன் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் ஓபன்டைப் பெட்டிக்குள் போய், ஒரே உயரத்தில் நிற்கிற ‘லைனிங்’ இலக்கத்தைத் தெரிவு செய்தால் சரி.

தமிழ் எழுத்து இதில் கிடையாது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்திருக்கிற பழைய ஃபொண்டான பாமினியில் அடித்த வரியை இதற்கு மாற்றினால் ஆங்கிலக் குப்பைதான் வரும். யூனிகோட் என்றால் கணினி தானாக வேறொரு ஃபொண்டை எடுத்துவிடும், அது பெரும்பாலும் ஒரே தடிப்பில் மொத்தையாக நிற்கும். நான் நோட்டோ செரிஃப் தமிழைச் சேர்க்கிறேன். அதிலும் தடிப்பு மெலிவு இருப்பதால் இரண்டும் ஒட்டிப்போகும். ஒரேயொரு விஷயம், தமிழின் அளவைக் கொஞ்சம் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் ‘ணை’, ‘ஞா’ எல்லாம் வரியையே விழுங்கிவிடும்.

‘டிஸ்பிளே’ என்ற வால் இல்லாமல் வெறும் பிளேஃபெயார் என்றே பிறகு ஒன்று வந்திருக்கிறது. அதில் அளவு குறையக் குறைய மெல்லிய கோடு தடிக்கும். மண்டப விலாசத்துக்கு இப்போது அதைத்தான் போடுகிறேன். எதைப் பாவித்தாலும் அச்சகத்துக்கு அனுப்ப முதல் கேர்வ் பண்ணிவிடுங்கள் (எழுத்தை வெறும் கோட்டு வடிவமாக மாற்றுவது), அங்குள்ள கணினியில் இந்த ஃபொண்ட் இருக்கும் என்று நம்பி இருக்க முடியாது.