கிளைஃப் தேடல் தளம்: காசு கேட்காத உருப்படியான சேவை

சிங்கப்பூர் ஷென்டன் வே பக்கம் வங்கியில் ஒழுங்குமுறை அறிக்கை வேலை பார்ப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். ஒரே நிறுவனம் ஒரு கணினியில் 'பிடிஇ லிமிடெட்', இன்னொன்றில் 'பிரைவேட் லிமிடெட்', லண்டன் கிளை அனுப்பும் கோப்பில் வெறும் சுருக்கப் பெயர், இதில் யார் யார் என்று பிரித்துப் பார்ப்பதற்குள் பொழுது போய்விடும். உலகெங்கும் நிறுவனங்களுக்கான எல்இஐ (சட்டப்படியான நிறுவன அடையாளக் குறியீடு) முறையை மேற்பார்க்கும் அமைப்பான கிளைஃபின் (GLEIF) தளத்தில் அந்த எல்இஐயைப் போட்டால் சட்டப்படியான பெயர், பதிவு முகவரி, உள்ளூர்ப் பதிவு எண் (சிங்கப்பூரில் யுஇஎன்), தாய் நிறுவனம், அடுத்த புதுப்பிப்பு நாள் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடும். கணக்கு திறக்க வேண்டாம், கட்டணம் இல்லை, முழுத் தரவுக் கோப்பையும் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம்.

எல்இஐ என்பது ஐஎஸ்ஓ 17442 தரப்படி எழுத்தும் எண்ணும் கலந்த 20 இடக் குறியீடு, எந்த நாட்டுக்குப் போனாலும் மாறாது. சிங்கப்பூர் நாணய ஆணையத்தின் திருத்தப்பட்ட டெரிவேட்டிவ் (வேறொரு சொத்தின் விலையைச் சார்ந்த நிதி ஒப்பந்தம்) அறிக்கை விதிகள் 2024 அக்டோபர் 21இல் ஐஎஸ்ஓ 20022 என்ற நிதித் தரவுச் செய்தி வடிவத்தோடு நடப்புக்கு வந்த பிறகு இந்தத் தளம் இல்லாமல் எனக்கு வேலை ஓடாது.

குறை இல்லாமல் இல்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்காத நிறுவனங்களின் பதிவு 'காலாவதி' என்று நிற்கும், அதிலுள்ள முகவரியை அப்படியே நம்பக் கூடாது. சில பதிவுகளில் தாய் நிறுவன விவரத்துக்குப் பதில், அதை ஏன் தரவில்லை என்ற விலக்குக் காரணம் மட்டும் போட்டிருப்பார்கள், அது பெரிய எரிச்சல், குழும அளவில் கடன் இடரைக் கூட்டும்போது அங்கேதான் சிக்கும். அப்புறம், பெயரை வைத்துத் தேடாதீர்கள், யுஇஎன்னை வைத்துத் தேடுங்கள், சட்டென்று கிடைக்கும்.