கோபர் கேஸ் ஸ்லரி தொட்டிக்கு பயோஃபில்டர்: வாசனை போச்சு, மீத்தேன் போச்சா?

பண்ணையில் கோபர் கேஸ் வைத்திருக்கிறவர்கள் அடுப்பு எரிகிறதா என்று மட்டும்தான் பார்ப்போம், வெளியே வந்து விழுகிற ஸ்லரியை, அதாவது வாயு எடுத்த பிறகு மிஞ்சும் சாணிக் கரைசலை, யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அந்தத் தொட்டியிலும் சாணி மக்கிக்கொண்டுதான் இருக்கிறது, மீத்தேனும் கிளம்பிக்கொண்டுதான் இருக்கிறது. அடுப்புக்குப் பிடிக்கிற அளவுக்கு அதில் செறிவு கிடையாது. அதற்காக விட்டுவிடவும் முடியாது, 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு சூடேற்றும் வாயு அது. அதனால்தான் தொட்டிக்கு மூடி போட்டு இந்த ஃபில்டரை வாங்கி வைத்தேன்.

அமைப்பு எளிமையானது. ஒரு பெரிய பிளாஸ்டிக் டிரம், அடியில் துளை போட்ட குழாய், அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேலே மக்கிய உரமும் மரத்துண்டும் கலந்த படுகை. தொட்டியின் வாயு, மின்விசிறி ஊதுகிற காற்றோடு சேர்ந்து கீழிருந்து மேலே ஏறும்போது படுகையில் வாழும் பாக்டீரியா மீத்தேனைச் சாப்பிட்டு, கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் ஆக்கிவிடுகிறது. இந்த பாக்டீரியாவை 1906ஆம் ஆண்டிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், ஒன்றும் புது வித்தை இல்லை. நியூசிலாந்தில் பால்பண்ணைக் கழிவுக் குளத்து மீத்தேனையே எரிமலை மண் நிரப்பிய ஃபில்டரில் விட்டுச் சோதித்திருக்கிறார்கள்.

வைத்த கொஞ்ச நாளிலேயே நாற்றம் நன்றாகக் குறைந்துவிட்டது. விற்றவர்கள் அதைக் காட்டித்தான் "பாருங்க சார், வேலை செய்யுது" என்றார்கள். இங்கேதான் எனக்கு ஒப்புதல் இல்லை. மீத்தேனுக்கு வாசனையே கிடையாது. நாற்றமடிக்கிற வாயுக்கள் படுகையின் ஈரத்தில் சட்டென்று கரைந்துவிடும், ஒரு நிமிடத்துக்குள் முடிகிற வேலை. மீத்தேன் தண்ணீரில் லேசில் கரையாது, படுகைக்குள் பல நிமிடங்கள், சில சமயம் மணிக்கணக்கில்கூட நின்றால்தான் பாக்டீரியாவின் கைக்கு எட்டும். ஆக, நாற்றத்துக்குப் போதுமான டிரம் மீத்தேனுக்குப் போதாது.

அப்புறம் மீத்தேன் அளக்கிற மீட்டர் கணக்கு. தொட்டிக்குள் ஒரு அளவு, ஃபில்டருக்கு வெளியே ஒரு அளவு எடுத்து, பெரிய குறைவு என்று காட்டுகிறார்கள். நடுவில் மின்விசிறி காற்றை ஊதுகிறதே! வாயு நீர்த்துப்போனாலே எண் இறங்கிவிடும். காற்று கலந்த பிறகு, படுகைக்குள் நுழைகிற இடத்தில் அளந்தால்தான் நியாயம். மீட்டர் வாடகைக்கு எடுத்து நானே அப்படி அளந்தபோது கிடைத்த குறைவு அவர்கள் சொன்னதில் பாதிகூட இல்லை. இன்னொரு டிரம்மைத் தொடராக இணைத்து விசிறி வேகத்தையும் குறைத்த பிறகு நிலைமை தேறியது, இப்போது எனக்குத் திருப்திதான்.

கூடவே பாட்டிலில் ஒரு "ஸ்பெஷல் கல்ச்சர்", அதாவது வளர்த்த பாக்டீரியா, தருகிறார்கள், அதற்குத் தனிக் காசு. நன்றாக மக்கிய உரத்தில் இந்த பாக்டீரியா இயல்பாகவே இருக்கும், மீத்தேனும் காற்றும் கிடைத்தால் சில வாரங்களில் தானாகப் பெருகிவிடும். அந்தக் காசுக்குச் சொட்டுநீர்க் குழாய் வாங்குங்கள். நம் வெயிலில் படுகை காய்ந்தால் பாக்டீரியா படுத்துவிடும், தண்ணீர் அதிகமாகித் தேங்கினாலோ காற்றுப் போக வழி இருக்காது.

கட்டாயம் கவனிக்க வேண்டியது ஒன்று. எனக்கு அவர்கள் சாதாரண விசிறியை வாயு வரும் குழாயிலேயே மாட்டிவிட்டுப் போனார்கள். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும். கரண்ட் போய் விசிறி நின்ற நேரத்தில் மூடிய தொட்டிக்குள் வாயு சேர்ந்து, கரண்ட் வந்ததும் அதே விசிறி சுற்றினால் என்ன ஆகும் என்று நினைத்தாலே பதறுகிறது. சண்டை போட்டுத்தான் மாற்ற வைத்தேன். இப்போது விசிறி வெளியே நின்று சுத்தமான காற்றைத்தான் உள்ளே தள்ளுகிறது, மூடியில் தனியாக ஒரு வென்ட் குழாயும் இருக்கிறது. நீங்கள் வாங்கினால் இதைப் பார்க்காமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதீர்கள்.